பெசன்ட் நகரில் பூ வந்தாச்சு: ஞாயிறு காலை நடை

அனைவருக்கும் வணக்கம். மாசி இன்னும் முடியவில்லை, அதற்குள் நம் தெருக்களில் புங்க மரங்கள் பூக்கத் தொடங்கிவிட்டன. இலை உதிர்த்து மொட்டையாக நின்ற கிளைகளில் பளபளவென்று புதுத்தளிர். உதிர்ந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வெள்ளையில் லேசான ஊதா, அடியில் பழுப்பாக ஒரு சின்னக் கிண்ணம். அவரை குடும்பத்து மரம் என்பது பூவின் அமைப்பிலேயே தெரிந்துவிடும். பெரிய கருவண்டுகள் விடிந்ததுமே வந்துவிடுகின்றன.

மஞ்சள் டபேபுயாவும் பூத்திருக்கிறது. தென் அமெரிக்க மரம். அழகுதான், ஆனால் எனக்குப் புங்கம்தான் ஒரு படி மேல். வேம்பு இன்னும் மொட்டு விடவில்லை, சித்திரைப் பச்சடிக்குள் வந்துவிடும்.

ஞாயிறு காலை 6 மணிக்கு, எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம் அருகே கூடுவோம். குழந்தைகளையும் கூட்டி வாருங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கார் மேல் பூ கொட்டுகிறது என்று யாரும் கிளையை வெட்டச் சொல்லாதீர்கள். சில வாரங்கள்தான், துடைத்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.