ஊட்டி உயரத்தில் உறிஞ்சும் பம்ப்

ஆசிரியருக்கு,

பக்கவாத நோயாளியின் மூளைத் தமனியில் அடைத்த ரத்தக்கட்டியைக் குழாய் வழியே எடுக்கும் வசதி நீலகிரியிலேயே வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. கூடலூரில் கை கால் விழுந்தவரை மலையிறக்கிக் கோவை சேர்ப்பதற்குள், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. ஆனால் கருவி வாங்கும்போது, கம்பெனிகள் நீட்டும், கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட ஆய்வகச் சோதனை முடிவைக் கேள்வி கேட்காமல் ஏற்கக் கூடாது.

அந்தச் சோதனை சிலிகோனில் வார்த்த தமனி மாதிரியில் நடக்கிறது. ஆட்டு, மாட்டு ரத்தத்தில் திராம்பினும் கால்சியம் குளோரைடும் சேர்த்துக் கட்டியை உறைய வைப்பார்கள். சிவப்பணு மிகுந்த கட்டி கொழகொழப்பானது. சீக்கிரம் வரும், ஆனால் உடைந்து சிதறும். ஃபைப்ரின் என்ற நார்ப்புரதம் மிகுந்த கட்டி ரப்பர் மாதிரி. தமனிச் சுவரைக் கவ்விக்கொண்டு நகராது. கொழகொழப்பான கட்டியை மட்டும் வைத்தால் எந்தக் கருவியும் ஜெயித்துவிடும். கடினக் கட்டி முதல் இழுப்பில் எத்தனை முறை வந்தது, சிதறிய துணுக்குகளை வடிகட்டியில் பிடித்து எண்ணினார்களா என்று கேளுங்கள். மாதிரித் தமனிக்குள் ஓடும் தண்ணீரின் வெப்பமும் முக்கியம். கட்டியைச் சிக்கவைத்து வெளியே இழுக்கும் ஸ்டென்ட் ரிட்ரீவர் வலை, நிட்டினால் (Nitinol) என்ற நிக்கல்-டைட்டானியம் கலவைக் கம்பியால் ஆனது. 37 டிகிரியில்தான் முழு விசையோடு விரியும். ஊட்டிக் குளிரில் மேசைமேல் செய்துகாட்டும் விளக்கத்தை வைத்து அதை எடைபோட முடியாது.

கட்டியைப் பம்ப் அல்லது சிரிஞ்சு கொண்டு உறிஞ்சி எடுக்கும் குழாயான கத்தீட்டர் விஷயத்தில் மலைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம், 2,240 மீட்டர் உயர ஊட்டியில் ஏறக்குறைய 580. எவ்வளவு நல்ல பம்பும் இருக்கிற காற்றழுத்தத்தை மீறி இழுக்காது. சிரிஞ்சுக்கும் இதே கதிதான். ஆக, சமவெளியில் அளந்த இழுவிசையில் கிட்டத்தட்ட கால் பங்கு இங்கே கிடைக்காது. கேஜ் முள் ஏறாததைக் கசிவு என்று எண்ணி, சிகிச்சை நடுவே இணைப்புகளைக் கழற்றிப் பார்த்தால் நேரம்தான் போகும். குழாயின் உள்விட்டம் 1.5 மி.மீ.க்குப் பதில் 1.8 ஆனால் வாய்ப்பரப்பு 44 சதவீதம் கூடி அந்த இழப்பை ஈடுகட்டும். ஆனால் பருத்த குழாய் கண் தமனி பிரியும் வளைவில் முட்டி நிற்பதும் உண்டு.

பிரான்ஸில் நடந்து 2017-ல் வெளியான ஆஸ்டர் ஆய்வில், 381 நோயாளிகளிடம் வலையும் உறிஞ்சலும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. உறிஞ்சும் பம்ப் மட்டும் போதும் என்பவர்கள் இதைக் காட்டக்கூடும். ஆனால் அந்த ஆய்வு நடந்த மருத்துவமனைகள் எதுவும் ஊட்டி உயரத்தில் இல்லை.

எனவே ஒப்பந்தப்புள்ளியில் 580 மி.மீ. காற்றழுத்தத்தில் அளந்த இழுவிசையையும், கடினக் கட்டியில் செய்த சோதனை முடிவையும் கட்டாயமாக்க வேண்டும். வலை, உறிஞ்சும் குழாய் இரண்டோடு, ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தித் துணுக்குச் சிதறலைக் குறைக்கும் பலூன் கத்தீட்டரையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மருத்துவக் கருவித் துறையினர்,
குன்னூர்