கவ்வாத்துக் கத்தியை வீட்டிலேயே தீட்டுங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல், தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்து வெட்டும் கத்தரி இரண்டையும் மின்சாரச் சாணையில் தீட்டிக் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். "இரண்டு நிமிட வேலைதானே, காசு தருகிறேன்" என்று சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். கோபம் நியாயமானது. அதனால் காரணத்தை எழுதுகிறோம்.

அந்த இரண்டு நிமிடத்தில்தான் கத்தி கெடுகிறது. சாணைச் சக்கரம் சுழலும் வேகத்தில் மெல்லிய விளிம்பு சட்டென்று சூடேறும். 200 பாகை செல்சியஸைத் தாண்டிவிட்டால் உருக்கின் பதம் இறங்கத் தொடங்கும், அதாவது அதன் கடினம் குறையும். முதலில் வைக்கோல் நிறம் தெரியும், 300 பாகையை நெருங்கும்போது நீலம் பாயும். நீலம் பாய்ந்த கத்தி அன்று காலையில் நன்றாகத்தான் வெட்டும், மத்தியானத்துக்குள் விளிம்பு மடங்கிவிடும். மறுபடி சாணை, மறுபடி நீலம். நல்ல கத்தி ஒன்று இப்படித் தேய்ந்து விரல் அகலத்துக்கு வருவதைப் பார்த்துக்கொண்டே காசு வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மழுங்கிய கத்தியின் நட்டம் செடியின் தலையில் விழுகிறது. ஒருமுறை கவ்வாத்து செய்த தேயிலைக்கு அடுத்த கவ்வாத்து மூன்று முதல் ஐந்து வருடம் கழித்துத்தான். வெட்டு சாய்வாக, வழுவழுப்பாக விழுந்தால் மழைநீர் வழிந்தோடிவிடும். தண்டு பிளந்து பட்டை உரிந்து நின்றால் ஈரம் தங்கும், பூஞ்சணம் ஏறும், உள்மரம் உளுத்துப்போகும். சொந்தமாகவோ பங்குக்கோ தேயிலைக் காணி வைத்திருப்பவர்களுக்கு இதை நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

தீட்டுவதற்கு ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழுவழுப்புமான சாதாரண கார்பரண்டம் கல் போதும். ஆனால் கவ்வாத்துக் கத்தியின் வளைவுக்குள் தட்டைக் கல் நுழையாது. அதற்கு இரு முனையும் ஒடுங்கிய நீளக் கல் வேண்டும். கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு கல்லைத்தான் நகர்த்த வேண்டும். கல்லைப் பிடிக்கும் விரல்கள் விளிம்புப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

கல்லை எவ்வளவு சாய்ப்பது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கோணமானி தேவையில்லை. கத்தியின் சாய்வான பகுதியில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். விளிம்போரத்துக் கறுப்பு அழியாமல் இருந்தால் கல் அளவுக்கு மீறிப் படுத்திருக்கிறது. விளிம்போரம் மட்டும் அழிந்திருந்தால் அளவுக்கு மீறி நிமிர்ந்திருக்கிறது. கறுப்பு முழுவதும் சீராக அழியும் சாய்வே உங்கள் கத்திக்கு உரிய சாய்வு.

தீட்டத் தீட்ட மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் எழும். கட்டைவிரலைக் கத்தியின் முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே வழித்தால் அது தோலில் தட்டுப்படும். விளிம்பின் நெடுகே வழித்துப் பார்க்கக் கூடாது, விரல் போய்விடும். நுனி முதல் அடி வரை பிசிர் எழுந்த பிறகு, கல்லின் வழுவழுப்பான பக்கத்தால் மெல்லத் தடவி அதை எடுத்துவிடுங்கள். பழைய தோல் பெல்ட்டில் சிலமுறை வழித்தால் இன்னும் நல்லது.

கத்தரிக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. அதன் அலகில் ஒரு பக்கம்தான் சாய்வு. தட்டைப் பக்கத்தையும் சாய்த்துத் தீட்டினால் அலகுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து, கொழுந்து வெட்டுப்படாமல் கசங்கும்.

கல்லுக்குத் தண்ணீரா எண்ணெயா? எங்கள் கட்சி தண்ணீர். எண்ணெய் குடித்த கல் பிறகு தண்ணீரை ஏற்காது. அதிலும் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது 24 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் போத்தலுக்குள்ளேயே கட்டியாகக் கிடக்கும் எண்ணெய், கல்லின் துளைகளை அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

மலையகத்து ஈரத்தில், தீட்டுவதைவிட எடுத்து வைப்பதுதான் பெரிய பாடு. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் சுவரே வியர்க்கும். வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவுங்கள். மரக்கறி வெட்டும் கத்திக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் சரி, அது வாய்க்குப் போகும் பொருள். தேயிலைச் சாறு பட்டுக் கத்தி கறுத்தால் பயப்பட வேண்டாம், அந்தக் கறுப்பு கத்தியைத் தின்னாது. சிவப்புத் துருவைத்தான் உடனே தேய்த்து எடுக்க வேண்டும்.

வெறும் உரச் சாக்கில் கத்தியைச் சுற்றி வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. இதை மட்டுமாவது தயவுசெய்து விட்டுவிடுங்கள். சாக்கின் இழைகளில் ஒட்டிய உரத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். தோல் உறையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எடுத்துப் போவதற்கு மட்டும் அது உதவும். அடுப்புக்கு மேலே பரணில் கத்தி வைத்த பழைய ஆட்கள் விவரமானவர்கள். அங்கே ஈரமும் இல்லை, சிறுவர்களின் கையும் எட்டாது.

கல்லை மட்டும் அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் ஊறிய கல் திடீர்ச் சூட்டில் வெடிக்கலாம். நிழலில் நிறுத்தி வைத்து உலர்த்துங்கள். நுவரெலியாப் பக்கம் தை மாதப் பனியில் ஈரக் கல்லை வெளியே விட்டால் உள்ளே இருக்கும் நீர் உறைந்தும் பிளக்கும். கல்லின் நடுவே பள்ளம் விழுந்தால் புதிதாக வாங்க ஓடி வர வேண்டாம். பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, ஈர மணல் தூவிய சீமெந்துத் தரையில் தேயுங்கள். கோடெல்லாம் அழிந்ததும் கல் மட்டமாகிவிடும்.

நுனி ஒடிந்ததையும் விளிம்பில் பல்லு விழுந்ததையும் வீட்டில் சரிசெய்வது கடினம். அவற்றை எங்களிடமே தாருங்கள். தண்ணீர் விட்டுச் சுழலும் மெதுவான கல்லில் தீட்டுவதால் மறுநாள்தான் திருப்பிக் கொடுப்போம். பஸ்ஸில் கொண்டுவரும்போது அலகைத் துணியால் நன்றாகச் சுற்றிக் கட்டி வாருங்கள். நடத்துனரிடம் உங்களுக்காகப் பரிந்து பேச எங்களால் வர முடியாது.

இப்படிக்கு,
உங்கள் இரும்புக் கடையினர்,
ஹட்டன்