புதுப் படகு வேண்டாம் மாப்ளே

மாப்ளே,

இங்கே எல்லோரும் சௌக்கியம். வாத்தியாரின் முட்டிவலி இப்போது தேவலையா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கஜா புயல் நிவாரணத்துக்குத் திரட்டிய பணத்தில் புதுப் பைபர் (கண்ணாடியிழை) படகுகள் வாங்கி வேதாரண்யம் பக்கம் கொடுக்கப் போகிறாயாமே? குண்டன் சொன்னான். அவசரக்குடுக்கைப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாய் போல!

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் ஆளாளுக்குப் படகு கொடுத்தார்கள். கட்டுமரக்காரர்கள் படகு முதலாளி ஆனார்கள், கூடப் போக ஆள் கிடைக்கவில்லை. அவசரத்தில் வார்த்த படகுகள் பலவற்றில் தரமும் இல்லை.

இப்போது கரையில் கிடப்பதைப் போய்ப் பார். நடுவில் இரண்டாகப் பிளந்ததை விட்டுத் தள்ளு. அணியம், அதாவது முன்முனை நொறுங்கியது, பக்கம் கிழிந்தது எல்லாம் ஒட்டக்கூடியவை. உடைந்த இடத்தை நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, முழுக்கக் காயவிட வேண்டும். இது ஐப்பசி கார்த்திகை மழைக்காலம். தார்ப்பாய்ப் பந்தல் போடாமல் ஆரம்பித்தால் ஒட்டப் பூசும் ரெசின் பிசின் இறுகாது, ஒட்டும் உரிந்துவிடும். விளிம்பைக் கிரைண்டரால் சரிவாகத் தேய்க்கணும்: படகின் தகடு 5 மில்லிமீட்டர் கனம் என்றால் சரிவு சுற்றிலும் 6 சென்டிமீட்டர் அகலம். சரிவு இல்லாமல் மேலே பட்டி ஒட்டினால் முதல் அலையிலேயே பெயரும். தேய்ப்பவர்களுக்கு முகமூடி வாங்கிக் கொடு, கண்ணாடித் தூள் நுரையீரலுக்குப் போகும்.

ஒட்டுவதற்கான கண்ணாடியிழை விரிப்பு, அதாவது மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் ரகம்), ஒரு கிலோவுக்கு ரெசின் இரண்டரைக் கிலோ. ஒரு கிலோ ரெசினில் முதலில் இறுகலை முடுக்கும் கோபால்ட் திரவம் 10 மில்லியை நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 மில்லி ஊற்றணும். கோபால்ட்டும் கேட்டலிஸ்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும் மாப்ளே, விளையாட்டில்லை. இரண்டையும் வேறு வேறு இடத்தில் வை, அளக்கும் கோப்பையும் தனித்தனியாக இருக்கட்டும். உன் கல்லூரிப் பிள்ளைகளைக் கலக்கவிடாதே, பட்டறை ஆள் கலக்கட்டும். பிள்ளைகள் ரோலர் பிடித்துக் காற்றுக் குமிழியை வெளியேற்றினால் போதும். ஒரே மூச்சில் மூன்று நான்கு அடுக்குக்கு மேல் போட்டால் சூடேறி வெடிப்பு விடும்.

மேலே ஒட்டி முடித்ததும் மிதப்புக்காக அடியில் அடைத்துள்ள தெர்மகோலைத் தட்டிப் பார்க்கச் சொல். தண்ணீர் குடித்திருந்தால் கவிழ்ந்த படகு மிதக்காது.

வலைக்கும் மொத்தமாக ஆர்டர் போடாதே. மத்திக்கு ஒரு கண்ணி அளவு, கானாங்கெளுத்திக்கு ஒரு கண்ணி, நண்டுக்கு வேறு. எந்த ஊரில் எது ஓடுகிறதோ அதைக் கேட்டு வாங்கு. வெறும் வலை மட்டும் கொடுத்தால் கடன் வாங்கித்தான் கயிற்றில் கோர்ப்பார்கள். நீட்டினால் 100 மீட்டர் வரும் வலையைச் சுமார் 50 மீட்டர் கயிற்றில் கட்டுவது வழக்கம். மேல்கயிறு, கீழ்க்கயிறு, மிதப்பு, ஈயக்குண்டு எல்லாம் கணக்கில் சேர்.

இன்னொன்று. ஊர்ப் பட்டியலில் படகுச் சொந்தக்காரர் பெயர்தான் முன்னே வரும். அடுத்தவர் படகில் மீன் பங்குக்குக் கடலுக்குப் போகிறவனுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது, ஒட்டு வேலை முடியும்வரை கூலியும் கிடையாது. தேய்க்கவும் சுமக்கவும் அவர்களையே தினக்கூலிக்கு வை. கூடையில் மீன் விற்கும் பெண்களுக்கு ஐஸ்பெட்டியும் கொஞ்சம் முதலும் ஒதுக்கு. கணவன் இல்லாத வீடுகளை நேரில் போய் விசாரி, பட்டியலில் தேடாதே.

உடைந்த படகுகளின் போட்டோவோடு நீளம், கனம், உடைப்பின் அளவு எழுதி அனுப்பு. எவ்வளவு ரெசின் வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதே.

சேகர்