குமரப்பா பிறந்த மாவட்டத்தில் ஒரு காகிதக் கொட்டகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவையாறு பக்கம் ஆற்றுப் படுகையில் ஒன்றரை ஏக்கர் பூவன் வாழை போட்டிருக்கிறோம். தார் வெட்டியதும் மரத்தைச் சாய்த்துவிட வேண்டியதுதான். மாலை கட்டுகிறவர்கள் நாருக்குக் கொஞ்சம் மட்டை உரித்துப் போவார்கள். மீதியை வாய்க்காலில் தள்ளிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் மதகை அடைத்துக்கொள்வது அதுதான்.

போன வருஷம் எங்கள் மகளிர் குழுவில் நாலு பேர் அந்த மட்டையில் காகிதம் செய்து பார்த்தோம். நார் உரிப்பது எங்களுக்குக் கைவந்த வேலை. விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, சலவை சோடா போட்டு அண்டாவில் வேகவைத்து, வழவழப்பு போகிறவரை அலசினோம். மிக்ஸியில் அடித்தால் நார் பொடிப்பொடியாகி, தாள் தொட்டாலே கிழிந்தது. உரலில் இடித்தபோதுதான் பிரிந்து பஞ்சு மாதிரி வந்தது. தையல்கடைப் பருத்தித் துணித் துண்டுகளையும் ஊறவைத்துச் சேர்த்து இடித்தோம். கொசுவலை அடித்த சட்டத்தில் மொண்டு, பழைய வேட்டியில் கவிழ்த்து, கல்லை ஏற்றித் தண்ணீரை வடித்துக் காயவைத்தோம். முதல் தாளில் பேனா மை ஊறிப் பரவியது. வடித்த கஞ்சியை மெல்லிசாகத் தடவினோம், அப்புறம் பரவவில்லை. சந்தன நிறத்தில் குறுக்கும் நெடுக்கும் நார் ஓடுகிற அந்தத் தாளில்தான் என் மகள் வளைகாப்புக்கு அழைப்பு எழுதினோம்.

சிரமம் இடிப்பதில்தான். இரண்டு பேர் மாறி மாறி நாள் முழுக்க இடித்தால் இருபது தாள் தேறும். நாரை இடித்துக் கூழாக்க 'பீட்டர்' என்று இயந்திரம் இருக்கிறது. எங்கள் குழுவுக்கு அது கட்டுபடியாகாது. ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, பயிற்சி வேண்டுமென்றால் ஜெய்ப்பூர் போகச் சொன்னார்கள்.

அங்கே சாங்கானேரில் இருக்கிற தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு வைத்திருப்பது ஜே.சி. குமரப்பாவின் பெயர். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை காந்தியோடு நின்று நடத்தியவர். வார்தாவில் அந்தச் சங்கம் எடுத்துச் செய்த தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. அவர் பெயர் ராஜஸ்தானில் விளங்குவது சந்தோஷம். ஆனால் வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு எங்கள் பெண்கள் அவ்வளவு தூரம் போக முடியாது.

திருவையாற்றில் ஒரு கொட்டகை, எல்லாக் குழுவுக்கும் பொதுவாக ஒரு பீட்டர், இங்கேயே வந்து பத்து நாள் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். மாவட்ட நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். சோடாத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாதபடி தொட்டியும் அதிலேயே சேர வேண்டும். விபூதிப் பொட்டலத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் இந்த ஊர்களில் தாள் தேவைப்படாத மாதமே இல்லை.

தை கடைசியில் எங்களுக்கு அடுத்த வெட்டு. அதற்குள் அதிகாரிகள் யார் வந்தாலும், செய்த தாள்களை எடுத்துவைத்திருக்கிறோம், காட்டுகிறோம்.

— வாழை விவசாயி, மகளிர் குழு உறுப்பினர்,
திருவையாறு வட்டம்