ஆர்க்டிக்கும் அறிவிப்புகளும்

ஆசிரியருக்கு,

ஆர்க்டிக் எங்கட எண்டு ஒட்டாவாவில இருக்கிற கனடா அரசு விடாம சொல்லுது, ஆனா அப்ப பிரதமரா இருந்த ஹார்ப்பர் 2007ல அறிவிச்ச, தூர வடக்கில இருக்கிற நனிசிவிக் கடற்படைத் துறைமுகத்த செலவு கூடிப்போச்சு எண்டு வெட்டி வெட்டி, கடைசியில கோடையில மட்டும் கப்பலுக்கு எண்ணெய் அடிக்கிற இடமாக்கிப் போட்டினம், அதுவும் வருசக்கணக்கா இழுபட்டுது. கனடாவின்ர ஆர்க்டிக் தீவுகளுக்கூடாப் போற வடமேற்குக் கடல்பாதை உள்நாட்டுத் தண்ணி எண்டு நாங்க சொல்லுறம், அமெரிக்கா அத சர்வதேச நீரிணை எண்டுது, 1985ல போலார் சீ எண்ட ஐஸ்பிரேக்கர (பனி உடைக்கிற கப்பல) அனுமதி கேக்காமலே கொண்டு போனவை.

அங்க உண்மையா நிக்கிறது ரேஞ்சர்மார்தான், அந்த ஊர்ச் சனத்தில இருந்தே வந்த, கனடா ராணுவத்தின்ர பகுதிநேரப் படையினர். சிவப்பு ஹூடி, சொந்த ஸ்னோமொபைல் (பனியில ஓடுற வண்டி), 2018 வாக்கில மாத்தத் தொடங்கும்வரை பழைய லீ-என்ஃபீல்ட் துவக்கு (பனிக்கரடி வந்தாலும் அதுதான்!). இப்ப 12 வரைக்கும் நீர்மூழ்கி வாங்கப் போயினமாம். வாங்கட்டும், ஆனா முதல்ல அந்தச் சனத்தின்ர ஸ்னோமொபைல் உடைஞ்சா இழுத்தடிக்காம காசக் குடுங்கோ.

வாசகர், ஸ்காபரோ