கலாவுக்கு, மேல்மலை வெடிப்பு விஷயமா

கலா,

நல்லா இருக்கியா? இங்க எல்லாரும் சுகம். ரெஜினா டீச்சர் பென்ஷன் எடுத்துட்டாங்க. குட்டி ஹட்டன்ல போன் ரிப்பேர் கடை போட்டுட்டான், இப்ப அவன் முதலாளி, என்னைய பாத்தா "என்னங்க டீச்சர்"ங்கிறான், அந்த கொய்யா மரத்து கேஸ் எல்லாம் மறந்துட்டான் போல. நீ பொங்கலுக்கு அனுப்புன வாய்ஸ் நோட்டுல பாதி ரயில் சத்தம், மீதி உன் சிரிப்பு, விஷயம்னு ஒண்ணும் இல்ல. சரி விடு. போன்ல சொன்னா நீ பயந்து அம்மாவுக்கு அடிச்சு அழுவ, எழுதுனா ரெண்டு தடவ படிப்ப, அதான் எழுதுறேன்.

உங்க லயத்துக்கு, அந்த தோட்டத்து லைன் வீடுங்களுக்கு மேல, பழைய பீலிக்கரைய தாண்டி இருக்கிற மலையில நெலம் வெடிச்சிருக்கு. டித்வா புயல் அடிச்ச அந்த நவம்பர் கடைசியில வந்த வெடிப்பு. தேயிலை நெரைக்கு குறுக்கால போகுது, ஒரு எடத்துல சரியா ஒரு செடியோட தூருக்கு கீழயே பிளந்து, பாதி வேரு மேல்பக்க மண்ணுல, பாதி வெளிய தொங்குது, கீழ்ப்பக்க செடியெல்லாம் லேசா சரிஞ்சு நிக்குது. மூக்கையா மாமா வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் தடி அடிச்சு, என்கிட்ட ஸ்கூல் ரூலர் வாங்கிட்டு போய் அளந்து காலண்டர் பின்னாடி பென்சில்ல எழுதி வைக்கிறாரு. வெயில் நாள்ல அசையல. தை மாசம் ஒரு ராத்திரி மழைக்கு ரெண்டு மில்லிமீட்டர் கூடியிருந்துச்சு. வந்து பாத்தவங்க ஆபத்து, எழும்பணும்னு கடிதம் குடுத்தாங்க, எழும்பி எங்க போறதுன்னு அதுல இல்ல.

எழும்பலன்னு உங்கம்மாவ நான் குத்தம் சொல்லமாட்டேன்டி. மண்சரிவு எச்சரிக்கை குடுக்கிற அரசாங்க நிறுவனம் என்பிஆர்ஓ நல்ல வேலைதான் செய்யுது, 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் மழைன்னா மஞ்சள், 100க்கு ஆம்பர், 150 தாண்டுனா சிவப்பு, எழும்பிப் போன்னு சொல்லிருவாங்க. ஆனா அது மழையோட கணக்கு, பிரதேச செயலகப் பிரிவு முழுக்க ஒரே அறிவிப்பு. எந்த மலை, எந்த லயம்னு அதுல எப்படி இருக்கும்? சிவப்புன்னு சொன்னா உங்கம்மா ஸ்கூல் ஹால்ல சிமெண்டுல படுத்துட்டு காலையில வருவாங்க, ஒண்ணும் ஆகியிருக்காது. நாலு தடவ அப்படி ஆனா அஞ்சாவது தடவ யாரு போவா? "மாட்டுக்கு யாரு புல்லு போடுறது"ன்னு கேக்குறாங்க, எனக்கு பதில் இல்ல. 2014 அக்டோபர் 29 மீரியபெத்த தோட்டத்துல மலை சரிஞ்சு லயத்த மூடுனது நமக்கு ஞாபகம் இருக்கு, அங்கயும் முன்னாடியே எச்சரிச்சிருந்தாங்க, சனம் அங்கயேதான் இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் ராத்திரி ராத்திரியா உக்காந்து மலை சரியிறத முன்னாடியே கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி எல்லாம் படிக்க ஆரம்பிச்சேன், கலா இதுல எவ்வளவு இருக்கு தெரியுமா! டோக்கியோ பல்கலைக்கழகத்துல உச்சிமுரான்னு ஒருத்தர், அவரோட குழு 2015ல எழுதியிருக்கு. செல்போன சாய்ச்சா ஸ்கிரீன் திரும்புதுல்ல, அந்த வகை சின்ன சென்சார்தான், அத ஒரு கம்பியில மாட்டி சரிவுல நட்டுட்டாங்க. சரிஞ்ச எடங்கள எடுத்துப் பாத்தா, சரியிறதுக்கு முன்னாடி சாயிற வேகம் கூடிக்கிட்டே வந்திருக்கு. மணிக்கு 0.01 பாகை சாஞ்சா கவனம், 0.1 பாகை சாஞ்சா எச்சரிக்கைன்னு வச்சிருக்காங்க. நான் கணக்குப் போட்டு பாத்தேன், ஒரு மீட்டர் கம்பியோட நுனி மணிக்கு 1.7 மில்லிமீட்டர் நகந்தா அதான் 0.1 பாகை. மூக்கையா மாமா ரூலர்ல பாக்குற அளவேதான்! ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு கொட்டுற மழையில மாமா அங்க போகமுடியாது, போகவும் கூடாது, அந்த நேரத்துக்குத்தான் கம்பி வேணும்.

ஃபுகுசோனோன்னு இன்னொரு ஜப்பான்காரர் 1985லயே ஒரு வழி சொல்லியிருக்காரு. நகருற வேகத்த தலைகீழாக்கி, அதாவது ஒண்ண வேகத்தால வகுத்து, நேரத்தோட வரைஞ்சா கோடு கீழ எறங்கும், அது சைபரத் தொடுற நேரம்தான் மலை விழுற நேரம். எல்லா மலையும் இப்படி ஒழுங்கா நடக்காதுதான், ஆனாலும் ஓ.எல். கணக்கு தெரிஞ்ச பிள்ளைக்கு புரியிற விஷயம். அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல பிங்ஹம் கேன்யன் செப்புச் சுரங்கத்துல ரேடார் வச்சு சுவர் அசையிறத பாத்துக்கிட்டே இருந்தாங்க, 2013 ஏப்ரல் 10 அன்னைக்கு கோடிக்கணக்கான டன் கல்லு கீழ வந்துச்சு, முன்னாடியே ஆளுங்கள வெளிய எடுத்துட்டதால ஒருத்தருக்கும் காயம் இல்ல. செம்புக்கு இவ்வளவு கவனம்னா மனுசனுக்கு எவ்வளவு இருக்கணும்னு எனக்கு நெஞ்செல்லாம் எரியுது.

நம்ம ஆளுங்க மலையிலயும் நடந்திருக்கு. கேரளாவுல மூணாறு அந்தோணியார் காலனியில அமிர்தா பல்கலைக்கழகம் மண்ணுக்குள்ள ஆழமா குழாய் எறக்கி, தண்ணி அழுத்தம் பாக்குறது, சாய்வு பாக்குறதுன்னு சென்சார் வச்சு, 2009 ஜூலை மழையில எச்சரிக்கையும் குடுத்திருக்காங்க. அதே மூணாறு பக்கம் பெட்டிமுடியில 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, தோட்டத் தொழிலாளிங்க லயம் அப்படியே மண்ணோட போயிருச்சு, 70 பேர் போயிட்டாங்க. அங்க அப்படி ஒண்ணும் வைக்கல, கரண்ட்டும் இல்ல, சிக்னலும் இல்ல, வெளிய தெரியிறதுக்கு விடிஞ்சிருச்சு. இத படிச்சுட்டு அன்னைக்கு நான் சோறு சாப்பிடல.

அதனால நான் சொல்றது ஒண்ணுதான்: கம்பி எங்க நிக்குதோ அங்கயே முடிவு எடுக்கணும், சத்தம் லயத்துலயே கேக்கணும். கொழும்புல சர்வருக்குப் போய் அங்க இருந்து எஸ்எம்எஸ் வர்றதெல்லாம் வெயில் காலத்துக்கு சரி. டித்வா ராத்திரி டவர் செத்து எத்தன நாள் நீ இங்க லைன் கெடைக்காம தவிச்ச, மறந்துட்டியா? லோரா ரேடியோ இருக்கே, கொஞ்சூண்டு டேட்டாதான் போகும், ஆனா கிலோமீட்டர் கணக்கா போகும், பேட்டரியும் கொஞ்சம்தான் தின்னும், மிஸ்ட்டுக்கு மறையாது, குறுக்கால மலை வந்தாத்தான் மறைக்கும். வெடிப்புல இருந்து பாத்தா உங்க லயமும் ஸ்டோரும், அதான் தேயிலை ஃபேக்டரி, நேரா தெரியுது. ஸ்டோர் சங்கு கரண்ட் இல்லாம ஊதாது, அதனால லயத்து வாசல்ல பேட்டரி சைரன் ஒண்ணு. சைரன் கேட்டா கோயில் தப்பு மேளத்த எடுத்து அடிச்சுக்கிட்டே ஒவ்வொரு காம்பராவா எழுப்புறோம்னு பசங்க ஒத்துக்கிட்டாங்க.

நீ உடனே ஏஐ போடலாம்பியே, தெரியும் எனக்கு. சின்ன சிப்லயே மாடல் ஓட்டுறது இப்ப நெறைய பேரு செய்யிறாங்க, நல்லாவும் இருக்கு, எந்தப் பக்கம் ஆபத்துன்னு மேப் போட அது உதவும். ஆனா நம்ம மலை ஒரு தடவதான் சரியும்டி, அத வச்சு எத படிச்சுக் குடுப்ப? எனக்கு மழையும் சாய்வும் சேந்து பாக்குற நேரான விதி போதும், மூக்கையா மாமா அத பாத்து ஏன் சத்தம் போட்டுச்சுன்னு அம்மாவுக்கு விளக்கம் சொல்லணும்.

இப்ப உன்கிட்ட கேக்குறது. மேசையில வச்சு ஓட்டிப் பாத்தேன். அந்த சென்சார் சூடு மாறுனா தானா சாயிற மாதிரி காட்டுது, நம்ம ஊர்ல பகல் வெயிலும் ராத்திரி குளிரும் உனக்குத் தெரியும், அந்த வித்தியாசமே 0.01 பாகைய தாண்டிருது. இப்படியே நட்டா தினமும் சைரன் அடிக்கும், அப்புறம் ஒருத்தரும் நம்பமாட்டாங்க. வெப்பத்த அளந்து கழிக்கிறது, நூறு தடவ அளந்து சராசரி எடுக்கிறது, மீதி நேரம் சிப்ப தூங்க வைக்கிறது, இது உன் தொழில். மிஸ்ட்டு மாசத்துல சோலார் சார்ஜ் ஏறாது, அதையும் கணக்குல எடு. குட்டி சாலிடர் எல்லாம் செஞ்சு தர்றேன்னுட்டான், சல்லி வாங்கமாட்டானாம். மே கடைசியில பெருமழை தொடங்கிரும், அதுக்கு முன்னாடி மூணு கம்பியாவது நிக்கணும்.

புரோகிராம் கோட எழுதி அனுப்பு, முடியாதுன்னா யாருக்கு முடியும்னு சொல்லு, இந்தத் தடவ வாய்ஸ் நோட் வேணாம், எழுது. அப்புறம் உங்கம்மாகிட்ட நீயே பேசு, நான் பேசினா டீச்சர் பாடம் எடுக்குறான்னு சிரிக்கிறாங்க. மழை நாள்ல மாட்ட எங்க தொழுவத்துல கட்டிக்கலாம்னு அப்பா சொல்லிட்டாரு, புல்லும் நாங்க பாத்துக்குறோம். அத மொதல்ல சொல்லு.

தேவி