தேர்ச்சிப் பட்டியல் பற்றி உங்களோடு சில வார்த்தைகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நகரத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளைத் தேர்ச்சி விகிதப்படி வரிசைப்படுத்திய பட்டியல் ஒரு வாரமாக எல்லோர் கைபேசியிலும் சுற்றுகிறது. நம் பள்ளி அதில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருக்கிறது. சிலர் நேரில் வந்து கேட்டீர்கள். சிலர் மாற்றுச் சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டு அனுப்பினீர்கள். இரண்டுமே நியாயம்தான்.

பட்டியலில் உள்ள எண்கள் சரியானவை. ஆனால் 40 பேர் தேர்வெழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே விகிதம் 2.5 புள்ளி இறங்கிவிடும். 200 பேர் எழுதும் பள்ளியில் அது அரைப் புள்ளி. நம்முடையது சிறிய பள்ளி. ஓராண்டு மேலேயும் மறு ஆண்டு கீழேயும் போவதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

அப்புறம், தேர்வு எழுதியது யார் என்பதையும் பாருங்கள். ஒரு பள்ளியில் 100 பேர் படிக்கிறார்கள். தேறுவார்கள் என்று தோன்றும் 80 பேரை மட்டும் எழுதவைத்து 76 பேர் தேறினால் 95 சதவீதம். இன்னொரு பள்ளி 100 பேரையும் எழுதவைத்து 85 பேர் தேறினால் 85 சதவீதம். பட்டியலில் முதல் பள்ளி மேலே நிற்கும். ஆனால் கூடுதலாக ஒன்பது பிள்ளைகளைத் தேறவைத்தது இரண்டாவது பள்ளி. நான் எந்தப் பள்ளியையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 1992 முதல் பள்ளிவாரியாக முடிவுகளை அட்டவணை போட்டு வெளியிட்டார்கள். அது போதாது என்று, தொடக்கப் பள்ளியை முடித்தபோது இருந்த நிலையிலிருந்து மாணவர் எவ்வளவு முன்னேறினார் என்பதை 2016-இல் முக்கிய அளவுகோலாக்கினார்கள். இங்கிலாந்தின் அண்டை நாடான வேல்ஸ் 2001-இலேயே அந்த அட்டவணையைக் கைவிட்டது. நாமும் சேர்க்கையின்போது ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்துக் குறித்து வைக்கிறோம். உங்கள் பிள்ளையின் குறிப்பைக் கேட்டால் காட்டுவோம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகளில் தவறியவர்கள் பெரும்பாலும் கணக்கில்தான் தவறியிருக்கிறார்கள். கணித ஆசிரியர் இடம் பாதி ஆண்டு காலியாக இருந்தது உண்மை. அதற்கு மேல் எங்கள் தவறும் உண்டு. பின்னத்திலேயே தடுமாறும் பிள்ளைக்கு, பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளை கேட்கவும் கூச்சப்பட்டது, நாங்களும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் முதல் தினமும் கடைசிப் பாடவேளை அடிப்படைக் கணக்குக்கு. யாருக்குத் தேவை என்பதை ஒரு சிறு தேர்வு வைத்து முடிவு செய்வோம். அதில் வரும் மதிப்பெண் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். அந்தப் பட்டியலையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்கு அன்றே விண்ணப்பம் தருகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்